ஈரச் சுவரில் ஒரு முகம்

“அக்கா, இன்னும் கொஞ்சம் மேல அடி! முகம் காஞ்சுட்டே வருது!”

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கத்தினேன். ஏணியில் நின்ற அக்கா சுவரில் தண்ணீரைப் பீய்ச்சினாள். மங்கிப்போன பெயின்ட், ஈரம் பட்டால் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். பழைய சுவர் விளம்பரங்களைப் படமெடுக்கும் எனக்கு அது கைவந்த வித்தை.

அந்தச் சுவரை இடிக்க வந்திருந்த இயந்திரத்தின் டிரைவர் ஹாரன் அடித்தார். “பத்து நிமிஷம்னீங்களே சார்! சோப்பு விக்கிற பொம்பளையப் பாக்கவா இந்தக் கூத்து?”

அவருக்கென்ன தெரியும்? அந்தச் சோப்புக்காரி எங்கள் அம்மா. அக்காதான் அடையாளம் கண்டாள். வரைந்தவர் அப்பா. எனக்கு இரண்டு வயதில் அம்மா ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லி, வீட்டிலிருந்த அவள் படங்களையெல்லாம் எரித்தவரும் அவரே. அவள் முகம் இந்த ஒரு சுவரில்தான் மிச்சமிருந்தது.

க்ளிக். கிடைத்துவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“போதும்க்கா, இறங்கு.”

அக்கா அசையவில்லை. “டேய், இங்க பாரு. சுவரெல்லாம் காஞ்சிடுச்சு. அம்மாவைச் சுத்தி மட்டும் ஈரம் அப்படியே நிக்குது.”

பார்த்தேன். சரியாக ஒரு கதவின் அளவு. பூச்சும் அங்கே வேறு. யாரோ ஒரு வாசலை அடைத்துப் பூசி, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள்.

அக்காவின் கையிலிருந்த தெளிப்பான் நழுவிக் கீழே விழுந்தது.

“அப்ப எனக்கு எட்டு வயசு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லடா. அம்மா காணாமப்போன அன்னைக்கு அப்பா வேலையிலேருந்து வந்தப்ப, அவர் கையில பெயின்ட் இல்ல. சிமென்ட் இருந்துச்சு.”