இரண்டாம் குரலின் மூச்சு

என் தங்கைக்கு வீட்டில் சில்வண்டு என்று பேர். வைத்தது நான்தான். பேச்சு வருவதற்கு முன்பே எதையாவது இழுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். வாயைப் பொத்தினால் மூக்கால் பாடுவாள். ஒரு ஜாஸ் ஃப்யூஷன் பாடகியின் குழுவில் இரண்டாம் குரலாகப் பாட அவளுக்கு வேலை கிடைத்தபோது, தெருவுக்கே கேட்கும்படி கத்தியது அவளில்லை, நான். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கத்துவது கைவந்த கலை.

சுற்றுப்பயணம் கிளம்புவதற்குள் பாடகியின் ஆல்பம் முழுவதும் அவளுக்கு அத்துப்படியாக வேண்டும். காலை ஷிஃப்ட் முடித்து வந்தால் வீடு நிறைய அதுதான் ஓடும். அவசரமே இல்லாத பியானோ, தரையைத் துடைப்பதுபோல ட்ரம்ஸ், அடியில் மெல்ல முனகும் பேஸ் கிட்டார். அதன் மேலே அந்தக் குரல். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுகிற மாதிரி இருக்கும்.

"என்னடி இது, பாட்டா தூக்க மாத்திரையா? ஒரு இடத்துலயாவது எழுந்து நிக்குதா பாரு."

"இதுக்கு எழுந்து நிக்கக்கூடாதுக்கா. சாஞ்சுக்கணும்."

சாய்ந்துதான் கிடந்தாள். சோபாவில் மல்லாந்து, விலா எலும்பின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு. அவள் ராகத்தைக் கவனிக்கவில்லை, மூச்சைக் கவனித்தாள். இரண்டாம் குரல் பாடுகிறவர்களின் வழி அதுவாம். முதல் குரல் எங்கே மூச்சு எடுக்கிறதோ அங்கேயே நீயும் எடுத்துவிட்டால், சொல் தொடங்குவதும் முடிவதும் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்றாள். "மூச்சைப் புடிச்சிட்டா ஆளையே புடிச்ச மாதிரிக்கா" என்று சிரித்தாள்.

ஒரு நாள் தேநீர் டம்ளரை உதட்டருகே வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். குடிக்கவில்லை. பாடகி ஒரு வரியை நீட்டிக்கொண்டே போனாள். அவள் மூச்சு இழுத்த பிறகுதான் நானும் இழுத்தேன், அப்புறம்தான் ஊதிக் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் சமையலறையில் அம்மாவும் கத்தியை உயர்த்தியபடி நின்றவள், அப்போதுதான் வெங்காயத்தை நறுக்கினாள். கொட்டாவியைப்போல இதுவும் ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது என்று நானும் அம்மாவும் சிரித்தோம். சில்வண்டு மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வரி இன்னும் முடியவில்லை.

சிக்கல் கடைசிப் பாட்டில்தான். அதில் பாடகி ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பாள், வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி ஒன்றுமில்லாமல் போகும். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இதுல எங்க மூச்சு எடுக்கறாங்கன்னே தெரியலக்கா."

"அதான் பாட்டு முடிஞ்சு போச்சே."

"முடியல. சத்தத்தைத்தான் குறைச்சிருக்காங்க. அவங்க இன்னும் பாடிட்டேதான் இருக்காங்க."

சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காதது ஆயிரம் இருக்கிறது, எல்லாவற்றுக்குமா சண்டை போட முடியும்?

அடுத்த வாரம் ஒரு மதியம் லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்டைச் செய்தவன், பழுதுபார்ப்பவன் எல்லோரையும் திட்டிக்கொண்டே படியேறி வந்தேன். அம்மா வெளியே போயிருந்தாள். சில்வண்டு சோபாவில் ஹெட்ஃபோனோடு கிடந்தாள். கண் திறந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு அமைதி. உதடு மட்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

மார்பு அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பொறு என்பதுபோல ஒரு விரலை மட்டும் தூக்கினாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பாட்டு எப்போதோ மங்கிப் போயிருந்தது. அந்த வெறுமைக்குள் பாடகி மூச்சு எடுப்பதற்காக என் தங்கை காத்துக்கொண்டிருந்தாள்.

வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "அடியே, அடியே" என்று கதறினேன். படியேறி வந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை, நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவளுக்கும் இளைத்தது. உதட்டில் ரத்தம் ஏறியது. போன உயிர் திரும்பி வந்தது, அவளுக்கும் எனக்கும்.

அவளுக்கு என் மூச்சோடு சேர்ந்தே இளைக்கிறது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அம்மா திரும்பி வந்த பிறகு, நான் குளிக்கப் போய்க் கதவைச் சாத்தியதும்தான் தெரிந்தது. அம்மா போட்ட அலறலில் நுரையோடு ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் சில்வண்டுக்கு மூச்சு வந்தது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மனதில்தான் ஏதோ என்றார். மனதுக்கு மாத்திரை கொடுத்தார்.

குழுவின் மேனேஜரைப் போனில் பிடித்தேன். "இவளுக்கு முன்னால ரெண்டாம் குரல் பாடினவ என்னய்யா ஆனா?"

"அவங்க எங்கயும் போகல மேடம். பாடத்தான் முடியல. பாடகி போற இடத்துக்கெல்லாம் கூடவே கூட்டிட்டுப் போறாங்க. விட்டுட்டுப் போக முடியாதுல்ல?" பிறகு, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்: "உங்க தங்கச்சி இப்போ யார் மூச்சுல இருக்காங்க?"

திட்டுவதற்கு நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "என்னோடதுல" என்றேன்.

"அப்போ நீங்க தனியா எங்கயும் போயிடாதீங்க மேடம்."

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் அவளும் வருகிறாள். என் பேருந்தில் தினமும் டிக்கெட் எடுத்து, என் தோள் தெரிகிற முதல் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். தூங்கும்போது என் முதுகில் முகத்தை ஒட்டிக்கொள்கிறாள். என்னால் தும்ம முடியவில்லை, ஆத்திரப்பட முடியவில்லை. நான் ஆத்திரப்பட்டால் அவளுக்கு இரைக்கிறது. இத்தனை வருஷம் யார் சொல்லியும் அடங்காத வாய் அடங்கிவிட்டதென்று டிப்போவில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் சில்வண்டு பாடுவதில்லை. பாட வேண்டுமென்றால் அவள் தன் இஷ்டத்துக்கு மூச்சு எடுக்க வேண்டுமே! அதை நினைத்தால்தான் என் நெஞ்சு வெடிக்கிறது.

நேற்று சந்தை வளைவில் ஒரு சைக்கிள்காரன் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தான். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி குலுங்கி நின்றது. அவன் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்கு மூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அவள் வாயும் என் வாயைப்போலவே பாதி திறந்து நின்றது. மூச்சை விடு, விட்டால்தான் அவள் விடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைப் பார்க்கப் பார்க்கப் பயம் ஏறியது. பயத்தில் மூச்சு வரவில்லை. அவள் உதடு கருக்கத் தொடங்கியது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

அப்போது அவள் மூச்சு இழுத்தாள். பிசகாமல் பார்த்தேன், அவள்தான் முதலில் இழுத்தாள். அதன் பிறகுதான் எனக்கு வந்தது. அவள் விட்டாள், நானும் விட்டேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, "எடும்மா வண்டிய" என்று பயணிகள் கத்தினார்கள். நான் கியரில் கையை வைத்தபடி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, அவள் அடுத்த மூச்சை எடுப்பதற்காகக் காத்திருந்தேன்.