கன்னியம்மாவின் உத்தரவு

ஊரில் யாருக்காவது அநியாயம் நடந்தால் என் அண்ணன் லியோனார்டுக்கு அன்று நன்றாகப் பசிக்கும். சாந்தோம் கட்டுமரக்காரர்களுக்காக ஒரு வருஷம், டிராம் கண்டக்டர்களுக்காக ஒரு வருஷம் என்று போராடி முடித்திருந்தார். கட்டுமரக்காரர்கள் இன்றும் அவரைத் தூரத்தில் பார்த்தாலே மரியாதையாக வேறு பக்கம் போய்விடுவார்கள். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அவர் கையில் காரியம் எதுவும் இல்லை. நாங்கள் இருவருமே வாத்தியார்கள்; பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் குழம்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தால் இதெல்லாம் உண்டுதான். அந்தச் சமயத்தில்தான் தேவானை தேன் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

தேவானை இருளர் பெண். வேளச்சேரி ஏரிக்கரையில் அவர்களுக்கு ஏழெட்டுக் குடிசைகள். அங்கிருந்து கிண்டி வரைக்கும் பரந்து கிடந்த காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து, மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் தெரிந்த வீடுகளுக்குக் கொண்டுவருவாள். எங்கள் குளியலறையில் பாம்பு நுழைந்தால் பிடித்துக்கொண்டு போவதும் அவள்தான். யாரையும் நீ என்றுதான் பேசுவாள். அவர்கள் சாமி கன்னியம்மாவையே அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தேன் எங்கே என்று கேட்டதற்கு, காட்டைச் சுற்றி முள்கம்பி இருக்கிறது என்றாள். சண்டைக் காலத்தில் பட்டாளம் போட்ட வேலி. பட்டாளம் ஊருக்குப் போய்விட்டது, வேலி போகவில்லை. துரைராஜ் என்று ஒரு ரேஞ்சர் இப்போது அதற்குப் பூட்டும் சாவியும் போட்டிருந்தார். அவர்களில் யாராவது உள்ளே போனால் பிடித்து உட்கார வைத்துவிடுகிறாராம். கன்னியம்மாவின் கல்லும் உள்ளேதான் இருக்கிறது, வேலி போட்ட நாளிலிருந்து அதற்கு விளக்கு இல்லை.

"இன்னா தொரை பண்றது? எங்க வூட்டுக்குள்ள நாங்க பூந்தா திருட்டாம்" என்றாள்.

அண்ணன் அன்று இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

வனவாசிகள் உரிமைச் சங்கம் அந்த வாரமே பிறந்துவிட்டது. அண்ணன் தலைவர். நான் காரியதரிசி என்று எனக்கே கூட்டத்தில்தான் தெரிந்தது. மயிலாப்பூர் நீரஜா உபதலைவி. நல்ல மனுஷி, எந்தச் சங்கத்துக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். தியாகராய நகரில் ஒரு ஹாலில் கூட்டம் போட்டு, தேவானையை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கானகத்தின் குழந்தைகளைப் பற்றி அண்ணன் வெகுநேரம் பேசினார். எனக்கே கண் கலங்கியது, பாதி தூக்கத்தில். கடைசியில் தேவானையை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னபோது அவள் எழுந்து, எல்லாம் முடிந்ததென்றால் போகிறேன், வயலில் எலி பிடிக்கிற வேலை இருக்கிறது என்றாள். கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று.

அண்ணனைக் கேலி செய்கிறேனே தவிர, அவர் விடாப்பிடியான ஆள். எந்தெந்த ஆபீஸ் வராந்தாவிலோ குடையும் கையுமாக உட்கார்ந்து, ஆடி மாதத்தில் ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சர் கேட்டைத் திறந்துவிடுவார். இருளர்கள் உள்ளே போய்த் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காக நடந்துகொண்டால் வாராவாரம் போக அனுமதி. அன்று போகவில்லையென்றால், அவர்களுக்குக் காடு தேவையில்லை என்று எழுதிவிட்டு வேலியை நிரந்தரமாக்கிவிடுவார்கள்.

அன்று காலைப் பூசை முடிந்ததும் குதிரைவண்டி வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போனோம். சங்கத்து ஆட்கள் எங்களுக்கு முன்பே டிபன் கேரியர்களோடு வந்திருந்தார்கள். கேட்டில் யாரோ ரோஜா நிற நாடா கட்டியிருந்தார்கள். ரேஞ்சர் துரைராஜ் கஞ்சி மொடமொடக்கும் சட்டையில், மீசையை அன்றுதான் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி விறைப்பாக நின்றார். தேவானையும் அவள் தம்பி வடிவேலுவும் மற்றவர்களும் குளித்து, மஞ்சள் பூசி, குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நாடா வெட்டியாயிற்று. கேட் திறந்தாயிற்று. அண்ணன் கையை நீட்டி வழிகாட்டினார்.

அவர்கள் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

வெட்கப்படுகிறார்கள் என்று அண்ணன் முதலில் நினைத்தார். கிட்டே போய்க் கேட்டபோது தேவானை விஷயத்தைச் சொன்னாள். காட்டுக்குள் போவதற்கு முன்னால் கன்னியம்மாவைக் கேட்பது அவர்கள் வழக்கம். வடிவேலு மேல் அவள் வந்து சரி என்றால் போவார்கள், வேண்டாம் என்றால் போகமாட்டார்கள். அன்று விடியற்காலை கேட்டிருக்கிறார்கள். மழை விழட்டும், அப்புறம் வாருங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றார் அண்ணன்.

"நீ கூப்ட்டியே தொரை. மருவாதிக்கி வந்தோம்."

அண்ணன் விடவில்லை. இது குஞ்சு பொரிக்கிற காலம், அதனால்தான் வேண்டாம் என்கிறாளா, அப்படியென்றால் மனுவில் அதை விஞ்ஞானமாக எழுதிவிடலாம் என்றார். இருக்கலாம், ஆனால் அவள் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதில்லை என்றாள் தேவானை. இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் என்று வடிவேலுவைக் கெஞ்சினார். வடிவேலு பேசாத ஆள். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

நான் தேவானை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் திறந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதானே நான் பார்த்து வளர்ந்த காடு என்று சொல்கிற பார்வை. போகவேண்டுமென்று ஆசையாக இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லாத இன்னா டீச்சரம்மா. காலு அரிக்குது" என்றாள். கண் நிறைந்திருந்தது. "இன்னிக்கிப் போலன்னா அப்பறம் விடமாட்டானாமே. தெரியும். இன்னா பண்ண சொல்ற, அவ வேணான்ட்டா."

எனக்கு அண்ணன் மீதும் ரேஞ்சர் மீதும் அந்த நாடாவின் மீதும் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சம் கன்னியம்மாவின் மீதும்.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கேட் திறந்து கிடந்ததல்லவா, சங்கத்து ஆட்கள் சும்மா காலாற நடப்பதாக உள்ளே போய்விட்டார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்று ரேஞ்சருக்கே தோன்றவில்லை. ஒரு வக்கீல் கைத்தடிக்கென்று கிளை ஒன்றை முறித்தார். இரண்டு பேர் களாச்செடியை உலுக்கி வேட்டி மடியில் காய் நிரப்பினார்கள். நீரஜா பூவோடு ஒரு கொத்தை ஒடித்து என்னிடம் காட்டி, "இத ஆத்துல ஜாடியில வெச்சா எவ்வளவு அழகா இருக்கும், பாருங்கோ" என்றார். காட்டுக்குப் போக உரிமை வேண்டும் என்று யாருக்காகக் கேட்டோமோ அவர்கள் மட்டும் வெளியே இருந்தார்கள்.

தேவானை எழுந்தாள். நேராக ரேஞ்சரிடம் போனாள்.

"இவங்கள வெளியே கூப்டு. கேட்டெ மூடு தொரை" என்றாள்.

துரைராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. திறக்கச் சொன்னதும் நீங்கள், மூடச் சொல்வதும் நீங்களா, இந்தக் கேட்டுக்கு உத்தரவு போட என்னைவிட்டால் வேறே யார் இருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். தேவானை கொஞ்சமும் அசையவில்லை. தனக்கு மேலே ஒருத்தி இருக்கிறாள், அவள் உத்தரவு இன்னும் வரவில்லை என்றாள்.

அந்த இடத்தில் ரேஞ்சர் வாயை மூடிக்கொண்டார். உத்தியோகத்தில் இருக்கிற மனுஷருக்கு வேறெது புரியாவிட்டாலும் மேலிடத்து உத்தரவு புரியும். அவள் முகத்தைப் பார்த்தார். வக்கீலின் கைத்தடியைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். பிரமுகர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நீரஜா கொத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தார், பாவம்.

"எழுதும்போது என்னன்னு எழுதறது?" என்று துரைராஜ் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பூட்டைப் பூட்டினார். "சரி, மழைக்கு அப்புறம்னு எழுதறேன். ஆனா எப்ப திறக்கணும்னு எனக்கு யார் சொல்லுவா?"

"நான் வந்து சொல்றேன்" என்றாள் தேவானை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தால் ரேஞ்சர் சைக்கிளோடு சொட்டச் சொட்ட நிற்கிறார். அந்தப் பக்கம் வேலையாக வந்ததாகச் சொன்னார். சாந்தோமில் அவருக்கு என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, கிளம்பும்போது, "அந்தம்மா ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?" என்றார்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் தேவானையே வந்தாள். கன்னியம்மா சரி என்றுவிட்டாளாம். அண்ணன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பப் புறப்பட்டார், நான் அவர் செருப்பை ஒளித்துவைத்தேன். நாங்கள் மூவர் மட்டும் போனோம்; மற்ற இருளர்கள் கேட்டில் காத்திருந்தார்கள்.

துரைராஜ் பூட்டைத் திறந்தார். வடிவேலு எண்ணெயும் திரியும் ஏந்திக்கொண்டு முதலில் போனான். ஒவ்வொருவராக மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ரேஞ்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே ஓர் அடி எடுத்துவைத்தார். தேவானை கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நீ எங்க வர்ற? ஒனக்குன்னு அவகிட்ட கேக்கலியே."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவானை அவர் பக்கம் திரும்பி, "ஒனக்குந்தான் தொரை" என்றாள். எனக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவள் என் கையை ஒரு தரம் பிடித்து விட்டுவிட்டு, அழுதுகொண்டே, வேகமாக, மரங்களுக்கு நடுவே போய்விட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

தூறல் மறுபடி தொடங்கியது. என் ஒரே குடையின் கீழே மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு திறந்த கேட்டுக்கு வெளியே நின்றோம். உள்ளே எங்கேயோ பறை அடிக்கிற சத்தம் கேட்டது. துரைராஜ் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஸார், நாம உள்ளே போகணும்னா மனு யார் பேருக்கு எழுதணும்?" என்றார் கடைசியில்.

அண்ணன் சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.