கையால் கேட்ட கேள்வி

எங்கள் சலவைக்கூடத்தில் வாய்க்கு வேலை இல்லை. மருத்துவமனையின் அடித்தளத்தில் ஆறு துவைக்கும் இயந்திரங்களும், படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை ஒன்றும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் எல்லாமே கைதான். முஷ்டியைக் காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. கையை மல்லாத்தி விரல்களை அசைத்தால், என்ன செய்யட்டும், சொல்லு. ஒரே ஒரு சட்டம் உண்டு: கை கேட்டால் கை உடனே பதில் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் யாராவது ஒருத்தியின் விரல் உருளைக்குள் போய்விடும்.

ஆறு வருடம் இப்படிப் பிழைத்ததில், இந்த ஊர் மொழி எனக்கு எழுத வந்ததே தவிர பேச வரவில்லை. நான்கு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உருளையின் மறுபக்கம் நிற்கும் என் தோழி எனக்கு நேர்மாறு. இலக்கணம் கிலோ என்ன விலை என்பாள், ஆனால் வாய் ஓயாது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ.

மாதக் கடைசியில் சலவைக்கூடத்தை மூடுகிறார்கள். மொழித் தேர்வில் தேறியவர்களுக்கு மேலே வார்டில் வேலை. மற்றவர்களுக்கு ஒரு கும்பிடு. அதற்குள் இருந்தது இந்த ஒரு தேர்வுதான். என் வீட்டுக்காரர் முதுகு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிறார். ரேடியோவுக்கு ஆறு வயதில் ஒரு பெண்; கணவன் இருந்தும் இல்லாத மாதிரி. ஆக, இரண்டு பேருக்கும் இதை விட்டால் வேறு வழியில்லை.

காலையில் நடந்த எழுத்துத் தேர்வு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரேடியோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏதோ கிறுக்கி வச்சிருக்கேன்டி. திருத்தறவங்க பாவம்.”

மதியம் பேச்சுத் தேர்வு. இருவர் இருவராகக் கூப்பிட்டார்கள். எங்களை ஒன்றாகவே உட்கார வைத்தது எனக்குத் தெம்பாக இருந்தது. தேர்வாளர் ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ முதலில் பேசினாள். பாதி தப்பு, ஆனாலும் அந்த அம்மா இரண்டு முறை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வயதான நோயாளி ஒருவர் சாப்பிட மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?”

வாக்கியம் மண்டைக்குள் தயாராக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரம் நடக்கும் சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் என் வலது கை தானாக மல்லாந்தது, விரல்கள் அசைந்தன. அடுத்த நொடியே ரேடியோவின் கை எழுந்தது. ஊட்டுவதுபோல் விரல்களை வாயருகே கொண்டுபோய், உள்ளங்கையைத் தாழ்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு, மெதுவாக. ஒளிக்கத் தெரியாதவள், மேசைக்கு மேலேயே காட்டினாள்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இது என்ன? நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் தேர்வு ரத்து. கேட்காமலே இவர் காட்டியிருந்தால் இவருடையது ரத்து. கேட்டீர்களா?”

அப்போது திறந்தது என் வாய். பயம் திறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சலவைக்கூடம், இரைச்சல், உருளை, முஷ்டிக்கு என்ன பொருள், உள்ளங்கைக்கு என்ன பொருள் என்று மளமளவென்று கொட்டினேன். அந்த ஒரு சட்டத்தை மட்டும் சொல்லவில்லை. கடைசியாக, “நான் கேட்கவில்லை” என்றேன். அன்று நான் பேசியதிலேயே பிசிறில்லாத வாக்கியம் அதுதான்.

ரேடியோ என்னை ஒரு முறை பார்த்தாள். மேசைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தேர்ச்சி, சரளமாகப் பேசுகிறேன் என்று பாராட்டு வேறு. அவளுக்கு ரத்து, அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஐந்து மணிக்குள் அலுவலகத்தைக் கூப்பிடலாம் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ரேடியோ ஓட்ட, அவள் அண்ணனுடைய பழைய வேனில் திரும்பினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுபவர் பக்கத்து வைப்பர் செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது. நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று அண்ணன் தினமும் சொல்கிறானாம். என் பக்கத்து வைப்பர் மட்டும் ஓடியது. நிறுத்தலாம் என்றேன்.

“அஞ்சரைக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைய வெளிய விட்ருவாங்க. உன் பக்கம் தெரியுதுல்ல? நீ பாத்துச் சொல்லு.” தேர்வுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சொல்வது எங்கே? தகரக் கூரையில் மழை அடித்த அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினேன். இந்தப் பக்கம் திருப்பு. மெதுவாக. போ. எதிரே வெறும் தண்ணீர்த் திரையைப் பார்த்துக்கொண்டு, என் கை சொன்னபடி அவள் ஓட்டினாள். ஒரு வளைவு திரும்பியதும், விளக்கே இல்லாமல் சாலைக்குக் குறுக்கே ஒரு லாரி நின்றது.

முஷ்டியைக் காட்டினேன். நிஜமாகவா என்று அவள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்திருந்தாலும் இரண்டு பேரும் தீர்ந்திருப்போம். பார்க்கவில்லை. வேன் வழுக்கி, லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

லாரியை எடுக்கும்வரை வழியில்லை. வேனை ஓரங்கட்டிவிட்டு, பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். மழை லேசாகக் குறைந்தது. எனக்கு அழுகை வந்தது.

“நான் பொய் சொல்லிட்டேன்டி.”

“தெரியும். உன் கைய நான்தானே பாத்தேன்.”

“அப்புறம் ஏன் நீ வாயே திறக்கல?”

“திறந்தா உன் வேலை போயிருக்கும். காலையில நான் கிறுக்கினதுக்கு நானும் தேறியிருப்பேனோ என்னவோ. ஒண்ணாவது மிஞ்சட்டுமேன்னு விட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தியாகின்னு நினைச்சுக்காத. வர்ற வழியில உன்ன இறக்கி விட்டுட்டுப் போயிடலாமான்னு ரெண்டு தடவ யோசிச்சேன்.”

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். பையிலிருந்து சீட்டை எடுத்து எண்களை அழுத்தினேன். ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்துக்கு நேரே முஷ்டியைக் காட்டினாள். ஆறு வருடத்தில் அந்த முஷ்டிக்கு நான் நிற்காமல் போனது அன்றைக்குத்தான்.

மறுமுனையில் அதே அம்மாவின் குரல். பெயரைச் சொன்னேன், தேர்வு எண்ணைச் சொன்னேன், சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.

“மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்” என்றார் அவர்.

உரக்கச் சொன்னேன்: “கேட்டது நான்தான்.”