கூடிப்போன ஒயில்

சிவதர்சினி ரீச்சருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்காலால் கிளச் மிதிப்பது சரிவராது என்றுதான் தேடித் திரிந்து ஒரு பழைய ஓட்டோமற்றிக் கார் வாங்கினார். விசுவமடுவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு யாரையும் கெஞ்சாமல் போய்வர அவருக்கு அது ஒன்றுதான் வழி. மழையில் நனைந்து வந்தால் காரைத் துடைத்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.

அன்று கிளிநொச்சியில் கூட்டம். ஒயில் மாற்றும் தவணையும் வந்திருந்தது. வழமையாக விசுவமடு நல்லதம்பியிடம்தான் கொடுப்பார். மூன்று மணித்தியாலம் கார் சும்மாதானே நிற்கப்போகிறது என்று, பக்கத்தில் சேர்விஸ் நிலையம் வைத்திருக்கும் பரமேஸ்வரனிடம் கார்த் திறப்பை நீட்டினார்.

"ஒயிலை மாத்தி விடுங்கோ."

"ஓம் ரீச்சர். நீங்கள் போட்டு வாங்கோ."

திரும்பி வரும்போது, பரந்தன் சந்தி கழிந்து கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே நீலப் புகை. ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு இறங்கி, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தார். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடைக்கு ஒயில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே அளவு. ஒயில் குறைந்து நின்றுபோன கார்களைக் கேள்விப்பட்டிருக்கிறார். கூடி நின்றுபோகுமா? பரமேஸ்வரனுக்குப் போன் எடுத்தார்.

"அளவாத்தான் ஊத்தினனான் ரீச்சர். இருந்ததை முழுக்க வடியவிட்டிட்டுத்தான் ஊத்தினது. பழைய ஒயில் நல்ல சிவப்பா, தெளிவாக் கிடந்தது. இதை ஏன் மாத்துறா எண்டுகூட யோசிச்சனான்."

ரீச்சருக்கு இன்னும் குழம்பியது. போன தவணை வடிந்தது கரியைப்போல அல்லவா இருந்தது? வேறு யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்து, முன்னால் போய் நம்பரைப் பார்த்தார். அவருடைய கார்தான்.

ரீச்சர் போனில் கூப்பிட, நல்லதம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, விசயத்தைக் கேட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். எழும்பியதும் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார்.

"எஞ்சின் ஒயில் ஓட ஓடக் கறுத்திடும் ரீச்சர். சிவப்பா வாறது கியர்பொக்ஸ் ஒயில். அவர் ஒயில் வடிக்கிற போல்ற்றை மாறிக் கழட்டிப்போட்டார். கியர்பொக்ஸ் இப்ப காலி. எஞ்சினுக்குள்ள பழசும் நிக்குது, அதுக்கு மேல புதுசும் நிக்குது."

"அப்ப மாத்தச் சொன்னது மாறவேயில்லையோ?"

"இல்லை."

"மாத்தச் சொல்லாதது வடிஞ்சு போட்டுதோ?"

"ஓம்."

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சேர்த்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை. "நான் ஒயில் எண்டு மட்டும்தான் சொன்னனான், அண்ணை. எஞ்சின் எண்டு சொல்லேல்லை. பிழை என்னிலயோ?"

"ஒயில் மாத்தச் சொன்னால் ஆரும் எஞ்சின் ஒயிலைத்தான் மாத்துவினம். இனி ஸ்ராட் பண்ணாதேங்கோ. சுத்தச் சுத்த உள்ளுக்குத் தேயும்."

காரை லொறியில் ஏற்றி நல்லதம்பியின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். விசயம் அறிந்து அடுத்த நாள் காலை சிவப்பு ஒயில் கான்களோடு பரமேஸ்வரனே வந்து இறங்கினார். ரீச்சர் ஏசுவதற்கு ஆயத்தமாக நின்றார். அவரோ காருக்கு அடியில் புகுந்து இரண்டு போல்ற்றுகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"இருபது வருசமாச் செய்யிறன் ரீச்சர். எப்பிடி மாறினதெண்டு எனக்கே விளங்கேல்லை."

ஆயத்தம் செய்த ஏச்சு வரவில்லை. மத்தியானம்வரை இரண்டு பேரும் சேர்ந்து எஞ்சினை வடித்து அளவாக ஊற்றினார்கள், கியர்பொக்ஸையும் நிரப்பினார்கள். ரீச்சர் ஏறிக் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் அசையாமல் நின்றது. பிறகு ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

"இது சுகமாயிட்டுதோ, பிறகும் நிண்டிடுமோ?"

"ஓடிப் பார்த்தால்தான் தெரியும்," என்றார் நல்லதம்பி.

எட்டு மாதமாக ஓடுகிறது. புறப்படும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் நகரும். இப்போது ரீச்சர் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. எந்தப் போல்ற் என்று முதலில் கேட்டு, வடிவதன் நிறத்தைப் பார்த்து, கம்பியைத் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் காரை எடுப்பார். பரமேஸ்வரனைக் கிளிநொச்சியில் கண்டால் முறைப்பதா, சிரிப்பதா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. இதுவரை தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்.