டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு குரல்

"சவுண்ட கூட்டுத்தா," என்றாள் சூசையம்மாள். "எம்மகன் பாடுறதக் கேட்டுட்டுத்தான் பெட்டிய மூட விடுவேன்."

சவப்பெட்டியில் கிடந்த அண்ணன் சாம்ராஜின் தலைமாட்டில் இருந்த டேப்ரெக்கார்டரின் சத்தத்தைச் சுஜிதா கூட்டி வைத்தாள். 'கரிசல் பீட்ஸ்' குழுவின் முதல் கேசட். அன்று காலைதான் பாளையம்பட்டிக் கடைக்கு வந்திருந்தது. அட்டையில் நடுநாயகமாக சாம்ராஜ், கையில் மைக்கோடு.

கிட்டார் ஓய்ந்து குரல் வந்தது. சூசையம்மாள் நிமிர்ந்தாள்.

"இது யாரு?"

சுஜிதா வாசலைப் பார்த்தாள். மாலையோடு நின்ற இரண்டு பேரில், டிரம்ஸ் அடிக்கும் தாவீதுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குழுவில் ஆள் மாறுவது புதிதில்லை. கீபோர்டுக்காரன் சவூதிக்குப் போனான். பேஸ் கிட்டார் வாசித்தவன் வாத்தியார் வேலைக்குப் போனான். ஆனால் சாம்ராஜ்?

"அவனுக்கு இருமலு நிக்கல தங்கச்சி," என்றான் தாவீதுராஜ். " சுருதி எறங்கிருச்சு. இந்த ஸ்டீபன வச்சு எல்லாப் பாட்டையும் திரும்ப எடுத்தோம். அட்டைய முன்னாடியே அடிச்சுட்டோம்."

"அண்ணன்கிட்டச் சொன்னீகளா?"

"கேசட்டு வந்தபெறகு சொல்லலாம்னு..."

"அண்ணன் பாடுனது எங்க?"

"அது மேலயேதான் இவன் குரல எடுத்தோம். அழிஞ்சுபோச்சு."

நாலு பேர் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். அப்போதுதான் ஸ்டீபன் வாய் திறந்தான்.

"முழுசா அழியலக்கா. சாம்ராஜ் அண்ணனையும் டிரம்ஸையும் ஒரே ரூம்ல வச்சு எடுத்திருக்காக. டிரம்ஸ் மைக்குல அவுக சத்தம் விழுந்திருக்கு. ஹெட்போன மாட்டுனா, நான் மூச்சு வாங்குற எடத்துல எல்லாம் அவுக பாடுவாக. பயத்துல எனக்குச் சோறே எறங்கல."

சுஜிதா சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். ஸ்டீபன் பாடிய வரி முடிந்தது. அந்த இடைவெளியில், டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, ஒன்றரைச் சொல். சாம்ராஜ்தான்.

சூசையம்மாள் காதைக் கொண்டுபோனது டேப்ரெக்கார்டரிடம் அல்ல, மகனின் வாயருகே.

ஒவ்வொரு வரிக்கும் அப்படியே. பாட்டு முடிந்தது.

"அம்புட்டுத்தாம்மா," என்றான் தாவீதுராஜ். "இனி வெறும் டேப்பு."

நாடா இரைந்துகொண்டே ஓடியது. அந்த இரைச்சலுக்குள் யாரோ நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்கள், பாடப் போகிறவர் இழுப்பதுபோல.

எல்லோரும் ஸ்டீபனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான்.

"பொறுங்கப்பா," என்று சூசையம்மாள் கையை உயர்த்தினாள். "இப்ப ஆரம்பிப்பான்."

மூடியைத் தூக்கிய நாலு பேரும், கைகூட மாற்றாமல், அப்படியே நின்றார்கள்.