டிவி மூணுல நிக்கணும்

"டிவிய மூணுல வைன்னு எத்தன தடவ..."

"மூணுலதாங்க இருக்கு, நீங்க அங்கேர்ந்து..."

"அது அஞ்சு! படுத்திருக்கற எனக்குத் தெரியுது, பக்கத்துல நிக்கற உனக்கு..."

"கத்தாதீங்க. இருமல் வரும்."

வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அசரியா இருமி முடிக்கும்வரை பியூலா ஒயரைப் பிடித்தபடி நின்றாள்.

செம்பாக்கத்தில் இடி கேட்டால் கேபிள் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவிவிட வேண்டும். மழை விட்டதும் மாட்ட வேண்டும். பழைய டிவி. கேபிள்காரர் தனசிங் கொடுத்த பெட்டி வழியாகத்தான் சேனல் தெரியும். டிவி மூன்றாம் நம்பரிலேயே நிற்க வேண்டும். சேனலைப் பெட்டியில்தான் மாற்ற வேண்டும். ரயில்வே சிக்னலில் முப்பது வருஷம் ஒயரோடு வாழ்ந்த அசரியா, படுக்கையில் விழும்வரை அதை யாரையும் தொட விட்டதில்லை.

"டீச்சர்னு பேரு. எத்தன பிள்ளைங்கள மக்குன்னு முட்டி போட வெச்சிருப்ப?"

"உங்கள மாதிரி வாத்தியார் கிடைச்சா எந்தப் பிள்ளையும் மக்குதான்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன ஞாயிறு, திருவிருந்து கொடுக்க வந்த சர்ச் ஐயரிடம் அசரியா சொன்னார்: "இந்தப் பெட்டிய மாட்ட மட்டும் இவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டா போதும் ஐயரே. நிம்மதியா கிளம்பிடுவேன்."

ஐயர் சிரித்தார். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பியூலா சிரிக்கவில்லை. தனசிங் மாட்டியதை ஒருமுறை பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துபோயிருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் தப்பாக மாட்டினாள். திங்கட்கிழமை ஒயரை வேறு துளையில் செருகினாள். செவ்வாய், பெட்டிக்கு சுவிட்ச் போடவில்லை. இன்று வியாழன், ஐந்தாம் நம்பர்.

"பெட்டிதாங்க கெட்டுப்போச்சு. தனசிங்கக் கூப்பிடட்டுமா?"

"பியூலா."

"என்ன?"

"நேத்து மத்தியானம், நான் தூங்கறேன்னு நெனச்சு, சத்தத்தக் கொறச்சு வெச்சுக்கிட்டு நியூஸ் பாத்தியே."

அவள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். "தூங்காம என்ன பண்ணீங்க?"

"நானும் பாத்தேன்."

"நியூஸையா?"

"உன் முதுக. மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே."

"அப்போ இவ்ளோ நேரம் எதுக்குத் திட்டுனீங்க?"

"நீ திட்டு வாங்கிக்கிட்டே நின்னியே, அதான்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் எழுந்து இறங்கியது.

"போதும்மா. முடியல. போட்டுடு."

அவள் உடனே அசையவில்லை. பிறகு டிவி குமிழை மூன்றுக்குத் திருப்பி, பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் துல்லியமாக வந்தது. யாரோ ஒருவர் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியுதாங்க?"

"ம்."

தென்னைக்காரர் விலாவாரியாகப் பேசினார். குழி எவ்வளவு ஆழம், சாம்பல் எவ்வளவு. நடுவில் அவர் கொஞ்சம் நிறுத்தியபோது, வாரக்கணக்காக பியூலாவின் காதில் கேட்டுக்கொண்டே இருந்த அந்த இழுப்புச் சத்தம் இல்லை.

திரும்பினாள். கண் பாதி மூடியிருந்தது. தோள் எழவில்லை. அருகே போய், நெற்றியில் கை வைத்து, அப்படியே நின்றாள். விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

பிறகு டிவியிடம் வந்து ஒயரை உருவினாள். திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்தன.

"மறந்துபோச்சுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."