பன்னிரண்டாவது தட்டு

சட்டையின் உள்பையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் செருப்பை மாட்டினார். கூடத்தில் மனைவியின் உடலைக் கிடத்தி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மயானத்துக்கு வண்டி ஐந்து மணிக்கு. இப்போது மணி மூன்று.

“மாப்ளே, எங்க கிளம்பிட்டீங்க?” மனைவியின் அண்ணன் வாசலை மறித்தார். அவர் ரகசியம் பேசினாலே மூன்று தெரு தள்ளித் தூங்கும் குழந்தை எழுந்து அழும்.

“அவ ஆய்வுக்கூடத்துக்கு மச்சான். வண்டி வர்றதுக்குள்ள வந்துடுறேன்.”

“என் தங்கச்சி இங்க கிடக்கா, நீங்க அங்க போறீங்களா? நல்லா இருக்கே கூத்து!”

“அவ சொன்ன வேலைதான்.”

“இன்னிக்குக்கூடவா வேலை சொல்லிட்டுப் போனா?”

“இன்னிக்குத்தான் முடியுது.”

மச்சான் வழிவிட்டார். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தம்பதியைப் புரிந்துகொள்ள முயன்று தோற்ற களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவரால் உட்கார முடியவில்லை. நான்கு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடந்ததில் முதுகு அந்த நாற்காலியின் அச்சிலேயே வளைந்துவிட்டது. இனி உலகத்தில் வேறெந்த நாற்காலியும் அதற்குப் பொருந்தாது. ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக் அவர். முப்பது வருடம் இருட்டுக் குழிகளில் தொங்கியபோதுகூட உடம்பு இப்படிக் கெஞ்சியதில்லை.

அவள் உயிரணு ஆராய்ச்சிக்காரி. கல்யாணமான முதல் வாரமே பாடம் நடத்திவிட்டாள்.

“ஏங்க, செல்லுக்குள்ள சரக்கு வந்துக்கிட்டே இருக்கும். எல்லாம் முதல்ல ஒரே இடத்துல இறங்கும். அங்க சில புரதங்க கூட்டமா கைகோத்து நிக்கும். ‘இது இன்னும் உழைக்கும், மேல திருப்பி அனுப்பு’ன்னு பொறுக்கி எடுக்கும். எடுக்காம விட்டது கரைக்கிற பைக்குள்ள விழுந்துடும். கதை முடிஞ்சுது.”

“அட, நம்ம லிப்ட் மாதிரி.”

“உங்க லிப்ட் யார் வந்தாலும் ஏத்தும். இது ஆள் பாத்து ஏத்தும்.”

அந்தக் கூட்டம் வயதானால் தளர்ந்துவிடுமாம். நல்ல சரக்கும் கரைந்துபோகுமாம். தளர்ந்த கைகளை மறுபடி இறுக்கிப் பிடிக்கவைக்கும் ஒரு மருந்தைத்தான் அவள் ஆறு வருடமாகத் துரத்தினாள். வீட்டில் உப்பு தீர்ந்து ஆறு மாதம் ஆனாலும் அவளுக்குத் தெரியாது. அந்த மருந்தில் ஒரு துளி குறைந்தால் தூக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

கடைசிப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு தட்டுகளில் செல்களை வளர்த்தாள். ஆறில் மருந்து, ஆறில் வெறும் கரைசல். எண் ஒட்டும் வேலைக்கு அவரைக் கூட்டிப்போய், தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தட்டுகளைக் கலைத்து எண் ஒட்டியதும் அவர்தான். எந்த எண்ணில் மருந்து என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டதும் அவர்தான்.

“எனக்கே தெரியக் கூடாதுங்க. ஆசை கண்ணைக் கெடுத்துடும். திரும்பி வந்த சரக்கு புள்ளி புள்ளியாத் தெரியும்; பிடிச்ச தட்டுல ரெண்டு புள்ளி கூட்டி எண்ணிடுவேன். பன்னெண்டும் எண்ணி முடிக்கிற வரைக்கும் சீட்டைக் காட்டாதீங்க. நான் அழுதாலும்.”

இரண்டு மாதம் அவர் அந்தச் சீட்டைக் காத்தார். எந்த ராஜாவின் கஜானாவையும் எவனும் அப்படிப் பாதுகாத்திருக்க மாட்டான். குளிக்கும்போது அது சோப்புப் பெட்டிக்குள் இருந்தது, தூங்கும்போது தலையணை உறைக்குள். ஒருமுறை சட்டையோடு சேர்த்துத் துவைத்தும் விட்டார். பென்சில் எழுத்து, பிழைத்துக்கொண்டது.

நேற்று சாயங்காலம் அவள் மூக்குக் குழாயை விலக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

“ஏங்க. சீட்டு.”

“பன்னெண்டும் எண்ணியாச்சா?”

“பதினொண்ணு.”

“அப்போ?”

அவரையே பார்த்தாள். “அழட்டுமா?”

“அழுதாலும்னு நீதானே சொன்ன.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து அவரை வெளியே அனுப்பினாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய தோழி காத்திருந்தாள். பதினைந்து வருடம் கூடவே வேலை பார்த்தவள். கண்கள் வீங்கியிருந்தன.

“பன்னெண்டாவதை மூணு தடவை எண்ணினேன்ணே. கண்ணு கலங்கிக்கிட்டே இருந்துச்சு. அதான் மறுபடி மறுபடி.”

அவர் சீட்டைப் பிரித்து எண்களை வாசித்தார். தோழி இரண்டு வரிசையாக எழுதிக் கூட்டினாள். பிறகு பேனாவை மூடினாள். மூலையிலிருந்த குளிர்பெட்டியின் மோட்டார் முனகியது. பேரிங் போகப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“என்னம்மா?”

“ரெண்டும் ஒண்ணுதான்ணே. மருந்து போட்டதும் சரி, போடாததும் சரி. சரக்கு திரும்பி வரல.”

அவர் தலையாட்டினார். நேற்று அந்தக் கை நீண்ட விதம் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

“அண்ணே, வழியனுப்புறப்ப அக்காகிட்ட மருந்து வேலை செஞ்சுதுன்னே சொல்லிடுங்களேன்.”

“அவகிட்டயா? சோப்புப் பெட்டியில வெச்சுக் காத்தது அதுக்காம்மா?”

தோழி சிரிக்க ஆரம்பித்து வேறெங்கோ போய் முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டின் பின்பக்கம் இரண்டு கூட்டுத்தொகைகளையும் தெளிவாக எழுதிக் கொடுத்தாள்.

அவர் திரும்பியபோது வண்டி வாசலில் நின்றது. கூடத்தில் நிற்க இடமில்லை.

“முடிஞ்சுதா மாப்ளே?”

“முடிஞ்சுது மச்சான்.”

“நல்லபடியா?”

“ஒழுங்கா முடிஞ்சுது. எல்லாரையும் ரெண்டு நிமிஷம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?”

மச்சான் வாழ்க்கையில் முதல்முறையாக, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில், “வாங்க, கொஞ்சம் வெளிய நிப்போம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்து, காதுகளில் சிக்காமல் மாட்டிவிட்டார். சீட்டைப் பிரித்து, அவளுக்குத் தோதான தூரத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே வண்டியின் எஞ்சின் உறுமியது. யாரோ கதவை லேசாகத் தட்டினார்கள்.

அவர் சீட்டை மறுபடி முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். எண்களை அவள் எப்போதும் இரண்டு முறை படிப்பாள்.